நீ போயிட்டா இதுக்கு யாரு?

பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுவது எப்படி என்று தமிழிலேயே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், காணொளியும் போட்டுவிட்டார்கள். அதை நான் மறுபடி எழுதப் போவதில்லை. சின்னம்மா வீட்டுப் பழைய கணினியில் எல்லாம் போட்டு முடித்து, அவர் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒன்று கேட்டார். "தம்பி, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ கே.எல்.லுக்குப் போயிட்டா இதுக்கு யாரு?" கே.எல். என்றால் கோலாலம்பூர், நான் இருக்கும் ஊர். அதற்கு நான் சொன்ன பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. பல மாதமாக அந்தக் கேள்வி மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது. லினக்ஸைப் பற்றி நான் படித்த எதிலும் அது இப்படி நேருக்கு நேர் வந்து நின்றதில்லை.

சின்னம்மா இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தாமானில், அதாவது ஒரு குடியிருப்புப் பகுதியில். மலிவு விலை வீடு. சுற்றிலும் செம்பனை. ரப்பர் இருந்த காலத்தில் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள்தான் இப்போது அந்த வரிசை வீடுகளில் இருக்கின்றன. சித்தப்பா தோட்ட ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர், தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டியில் நெடுங்காலம் செயலாளர். அவர்தான் அந்தக் கணினியை ஈப்போவில் பழசாக வாங்கி வந்தார். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட டெல் ஆப்டிப்ளெக்ஸ் 755. அவர் தவறிய பிறகு அது வரவேற்பறை மூலையில் துணி மூடி உட்கார்ந்திருந்தது. தங்கச்சி நான்காம் படிவத்துக்கு வந்ததும் பள்ளி வேலைக்குக் கணினி வேண்டும் என்றாள். கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று சின்னம்மா போன் போட்டார். நான் போனேன்.

தேதி மறந்த பெட்டி

என்ன கோளாறு என்று கேட்டேன். "நெட் வரல" என்றார் சின்னம்மா. டவுனில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த பையன், "ஆன்ட்டி, இது ரொம்பப் பழசுலா, புதுசு வாங்கிக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டான். வேறு எதுவும் சொல்லவில்லை.

மின்சாரம் கொடுத்ததும் கருப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: நாளும் நேரமும் அமைக்கப்படவில்லை, தொடர எஃப்1ஐ அழுத்து. தங்கச்சி பார்க்கக்கூட இல்லை, பழக்கத்தில் எஃப்1ஐத் தட்டினாள். "அது எப்பவும் வரும்ணே" என்றாள். விண்டோஸ் 7 மெதுவாக எழுந்தது. வலது மூலையில் இருந்த கடிகாரம் 2007 என்றது. உலாவியைத் திறந்து எந்தத் தளத்துக்குப் போனாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. கல்வி அமைச்சின் டெலிமா தளம் திறக்கவில்லை, கூகுளும் திறக்கவில்லை.

கணினியை அணைத்து, மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். பல்லி முட்டை ஓடு இரண்டு, எறும்பு விட்டுப்போன மண், விசிறிச் சிறகுகளில் பஞ்சு மாதிரிப் படிந்த தூசி. தாய்ப்பலகையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்ட மின்கலம், சிஆர் 2032. கைக்கடிகாரக் கடையிலும் ஹார்ட்வேர் கடையிலும் சில வெள்ளிக்குக் கிடைப்பது. கணினியின் மின் இணைப்பைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது அதன் தயவில்தான். அது செத்துவிட்டது. இடி இடித்தால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடும் வீடு அது. எங்கள் பக்கம் பின்னேரத்தில் இடி இடிக்காத நாள் குறைவு. ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் கணினி 2007க்குத் திரும்பிப் போயிருக்கிறது.

ஒவ்வோர் இணையதளமும் தன்னை நிரூபிக்க ஒரு சான்றிதழைக் காட்டும். இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். உலாவி அதைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கணினி 2007இல் இருந்தால் இன்றைய சான்றிதழ் எல்லாமே இன்னும் பிறக்காத சான்றிதழ். அதனால் கதவு திறக்காது. நெட் வரத்தான் செய்தது, கணினிக்குத்தான் இன்றைக்கு என்ன நாள் என்று தெரியவில்லை. தங்கச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய மின்கலத்தை அவள் கையாலேயே கழற்றச் சொன்னேன். சின்னக் கொக்கியை விரல் நகத்தால் தள்ளினாள், டப்பென்று துள்ளி வந்தது. டவுனுக்குப் போய்ப் புதியது வாங்கி வந்து போட்டு, தேதியைச் சரிசெய்தோம். டெலிமா திறந்தது.

அந்த இடத்திலேயே எழுந்து போயிருக்கலாம். சின்னம்மாவுக்கு அதுவே போதும். ஆனால் நான் அதோடு விடவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டும்.

யார் பழசாக்கினார்கள்

அந்தக் கணினியில் இருக்கும் செயலி கோர் 2 டுவோ, 2.33 கிகாஹெர்ட்ஸ். நான்காம் படிவப் பிள்ளை கட்டுரை தட்டச்சு செய்வதற்கும், கூகுள் வகுப்பறையைத் திறப்பதற்கும், கணக்குப் பாடக் காணொளி பார்ப்பதற்கும் அது போதும். போதாமல் போனது அதன் மேல் உட்கார்ந்திருந்ததுதான். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. குரோம் உலாவி 2023 தொடக்கத்தில், 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. ஓட்டை தெரிந்த கதவோடு, அடைக்க ஆளில்லாத கணினியில் பதினாறு வயதுப் பிள்ளை கடவுச்சொல் தட்டுவது எனக்கு உறுத்தியது.

விண்டோஸ் 10 போடலாமே என்றால் அதுவும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஓய்ந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தக் கணினியை ஏற்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த நிபந்தனை. அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழி இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. ஆனால் 24எச்2 என்ற பதிப்பிலிருந்து பாப்கவுண்ட் என்ற ஒரு செயலிக் கட்டளை கட்டாயம். கோர் 2 டுவோவுக்குள் அந்தக் கட்டளையே கிடையாது. எந்தத் தந்திரமும் செல்லாது, கணினி எழுந்தே வராது.

நிறுவனங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இருபது வருடத்துக்கு முந்தைய வன்பொருளைத் தாங்கிக்கொண்டே போவது சுலபமான வேலையல்ல. அவர்களுடைய கணக்கு அவர்களுக்கு. ஆனால் அந்தக் கணக்கில் சின்னம்மா வீடு எங்கும் இல்லை. கே.எல். அலுவலகங்கள் கணினியைக் கழிக்கும், ஈப்போ கடைகள் அதைத் துடைத்து விற்கும், தோட்டப்புறத்துக் குடும்பங்கள் வாங்கும். இரண்டாவது கையோ மூன்றாவது கையோ, வாங்கிய நாளிலேயே அதன் ஆயுள் வேறு யாராலோ முடிவு செய்யப்பட்டிருக்கும். 2020இல் கோவிட்டுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடியபோது ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வைத்துப் படித்த வீடுகளை நான் அறிவேன். அதே வீடுகளின் மூலையில் இப்படி ஒரு பெட்டி துணி மூடிக் கிடந்தது. அது இன்றும் எனக்கு வலிக்கிறது.

போட்டது

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ என்ற பாரம் குறைந்த மேசைத்திரை கொண்ட பதிப்பு. 2029 வரை ஆதரவு உண்டு. இரண்டு ஜிபி நினைவகத்தில் ஓடும், நான்கு இருந்தால் நிம்மதி என்று அவர்களே சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுதான். இரண்டு ஜிபியில் மேசைத்திரை சுறுசுறுப்பாக வரும், உலாவியில் நாலு தாவல் திறந்ததும் மூச்சு வாங்கும். இணையச் சந்தையில் டிடிஆர்2 என்ற பழைய வகை நினைவகம் (ராம்), இரண்டு ஜிபித் துண்டுகளாக இரண்டு வாங்கிச் சேர்த்தேன். பழைய வன்தட்டில் பழுதான பகுதிகள் இருந்தன, அதனால் அதற்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டேன். எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிக்குள் அடங்கியது. பழைய கணினிக்கு எதையாவது ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். வேறு எதுவும் இந்த அளவுக்கு மாற்றம் தராது.

பழைய வன்தட்டை அழிக்கவில்லை. அதில் சித்தப்பாவின் கோப்புகள் இருந்தன. அதைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டுப் புதியதில் நிறுவினேன். நிறுவும் முன் பென்டிரைவிலிருந்தே மிண்டை ஓடவிட்டு, தங்கச்சியை அரைமணி நேரம் சும்மா தட்டிப்பார்க்கச் சொன்னேன். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டால் போதும், ஒன்றும் மாறியிருக்காது. கணினியில் வைஃபை கிடையாது. அவளுடைய கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் மாட்டி இணையப் பகிர்வை இயக்கியதும் எந்த இயக்கியும் (டிரைவர்) கேட்காமல் இணைப்பு வந்தது. வைஃபை இல்லாத பழைய மேசைக்கணினிகளுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

ஒத்துவராதவையும் உண்டு, அவற்றை மறைத்தால் நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைதான் ஏமாறும். யூடியூப் 480 தரத்தில் நன்றாக ஓடுகிறது, 1080க்குப் போனால் திணறுகிறது. அந்தக் காலத்து வரைகலைச் சில்லுக்கு இன்றைய காணொளி வடிவங்களை விரிக்கத் தெரியாது, பாரம் முழுக்கச் செயலியின் தலையில் விழும். பள்ளியிலிருந்து வரும் வேர்டு கோப்பு லிப்ரெ ஆபிஸில் திறக்கும், ஆனால் அட்டவணை சில சமயம் நகர்ந்துவிடும். காலிப்ரி எழுத்துருவுக்குப் பதிலாக அதே அகலத்தில் செய்த கார்லிட்டோ இருப்பதால் பக்கங்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகின்றன. தமிழ்த் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை அதிலேயே இருக்கிறது, விசைப்பலகை அமைப்பில் தேர்ந்தெடுத்தால் போதும்.

அந்தக் கேள்வி

அப்புறம்தான் தேத்தண்ணி வந்தது, கேள்வியும் வந்தது.

நான் சொன்ன பதில் இது: "இணையத்தில் எல்லாத்துக்கும் விடை இருக்கு சின்னம்மா. எதுனாலும் தேடினா கிடைக்கும். உலகம் பூரா ஆளுங்க உதவி பண்ணுவாங்க." சின்னம்மா தலையாட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உலகம் பூரா இருக்கிறவனுக்கு நம்ம வீடு தெரியுமா தம்பி? அந்தக் கடைக்காரப் பையன் நமக்குச் சரியா செய்யலதான். ஆனா கடை அங்கதான் இருக்கு. போயி நின்னா மூஞ்சியப் பாத்துப் பேசலாம்."

லினக்ஸை விரும்புகிற நாங்கள் சுதந்திரத்தைப் பற்றி நிறையப் பேசுவோம். மூலநிரல் திறந்திருக்கிறது, யாரும் உன் கணினியை உன்னிடமிருந்து பறிக்க முடியாது என்போம். எல்லாம் உண்மை, நான் மனதார நம்புகிறேன். ஆனால் சின்னம்மாவின் கேள்வி எப்போதும் அதற்கு அடுத்த வரியில் நிற்கிறது. தோட்டப்புறத்து டவுன்களில் திருட்டு விண்டோஸ் இவ்வளவு ஓடுவதற்குக் காரணம் அது நல்லது என்பதல்ல, மலிவு என்பதுகூட முழுக் காரணமல்ல. அதைப் போட்டுத் தர ஆள் இருக்கிறது, கெட்டால் மறுபடி போட்டுத் தர ஆள் இருக்கிறது. லினக்ஸ் போட்ட கணினியைத் தூக்கிக்கொண்டு போனால் கடையில், "எங்களுக்கு இது தெரியாது" என்பார்கள். அப்போது அது மறுபடி மூலைக்குப் போய்விடும், துணியும் மூடிவிடும். பழசைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடும் அண்ணன்மார்கள் நிறையப் பேர் இருக்கிறோம்.

எங்கள் வட்டாரத்துக்குச் சொந்தம், உரிமை என்ற கவலை புதிதல்ல. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலத்தைத் தாத்தாக்கள் கதை கதையாகச் சொல்வார்கள். வேலை போனால் லயத்து வீடும் போகும். வீடு தோட்டத்துக்குச் சொந்தம், குடியிருந்தவனுக்குச் சொந்தமில்லை. அந்த நேரத்தில்தான், 1960இல், துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்ததும் இதே சுங்கை சிப்புட்டில்தான். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி போட்டார்கள், சங்கம் தோட்டங்களை வாங்கியது. இந்தக் கதையைப் பள்ளியிலும் மேடையிலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கேள்வி மனதில் ஓடிக்கொண்டிருந்த அந்த ராத்திரி எனக்கு அதில் வேறோர் இடம் தெரிந்தது. பணம் போட்டவர்களைப் பற்றியே பேசுகிறோம். வீடு வீடாகப் போய் அந்தப் பத்து வெள்ளியை வாங்கி, ரசீது எழுதி, நோட்டுப் புத்தகத்தில் ஏற்றி, கூட்டத்தில் கணக்கு வாசித்த ஆட்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்திருக்க வேண்டும். அவர்கள் இல்லாமல் அது ஓர் அறிக்கையாகவே நின்றிருக்கும். சித்தப்பா கோயில் கமிட்டியில் செய்துவந்த வேலையும் அந்த வகைதான்.

திருவிழா நோட்டீஸ்

அவருடைய பழைய வன்தட்டை மறுநாள் காலையில் ஒரு யூஎஸ்பி பெட்டியில் மாட்டித் திறந்தோம். 'கோவில்' என்று ஆங்கில எழுத்தில் ஓர் அடைவு. உள்ளே வருடவாரியாகத் திருவிழா நோட்டீஸ்கள், வரவு செலவுக் கணக்குகள், தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிய கடிதங்கள். திறந்தால் தமிழ் இல்லை. மேலே புள்ளி வைத்த, கீழே வால் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக நின்றன. தங்கச்சி, "கெட்டுப் போச்சாண்ணே?" என்றாள்.

கெட்டுப்போகவில்லை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு பரவுவதற்கு முன்னால் தட்டச்சு செய்தவை அவை, டிஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தில். குறியாக்கம் என்பது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறை. 1990களின் பிற்பகுதியில் பல நாடுகளில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே கூடிப் பேசி உருவாக்கிய குறியாக்கம் அது. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் தொடக்க கால மின்னூல்கள்கூட அதில்தான் வந்தன. உரிய எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லையென்றால் இப்படிக் குப்பையாகத் தெரியும். பிறகு உலகம் யூனிகோடுக்கு மாறியது, கோப்புகள் மட்டும் அங்கேயே நின்றுவிட்டன.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உண்டு. எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் ஐகான்வ் என்று ஒரு மாற்றி இருக்கிறது. உலகத்தில் உள்ள எழுத்துக் குறியாக்கங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவதுதான் அதன் வேலை. அதன் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். எத்தனையோ பெயர்களுக்கு நடுவில் டிஸ்கியும் இருந்தது. நாங்கள் எதையும் பதிவிறக்கவில்லை. முதல் நாள் நாங்கள் நிறுவிய அந்தக் கணினிக்குள்ளேயே அது உட்கார்ந்திருந்தது.

நோட்டீஸ் ஒன்றை வெறும் உரையாகச் சேமித்து, கட்டளையைத் தங்கச்சியையே தட்டச் சொன்னேன். டிஸ்கியில் கொம்பு, எழுத்துக்கு முன்னால் இருக்கும், கண்ணுக்குத் தெரிவது போலவே. யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் எல்லாக் கொம்பும் இடம் மாறி நிற்கும். இதை எழுதியவர் அதையும் யோசித்து, ஒவ்வொரு கொம்பையும் எடுத்து உரிய எழுத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். திரையில் தமிழ் வந்தது.

சின்னம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று வாசித்தார். முதல் நாள் உபயம் ஆபீஸ் ஊழியர்கள். இரண்டாம் நாள் உபயம் மேல் லயத்தார். மூன்றாம் நாள் தோட்டத்து ஆஸ்பத்திரி ஊழியர்கள். நான்காம் நாள் ஆலைத் தொழிலாளர்கள். அன்னதானப் பொறுப்பாளர்கள், தீமிதி ஏற்பாடு, தண்ணீர்ப் பந்தல். பெயர் பெயராக நிறுத்தி, இவர் இன்னாருடைய அப்பா, இவர் பாரிட் புந்தாருக்குப் போய்விட்டார், இவர் இப்போது இல்லை என்று சொல்லிக்கொண்டே போனார். மேல் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. அங்கே யார் யார் இருந்தார்கள் என்று எழுத்தில் இருக்கிற ஒரே இடம் இந்தக் கோப்புகளாக இருக்கலாம். தங்கச்சி அம்மாவிடம் திரும்பி, "நான் எல்லாத்தையும் மாத்தி வைக்கட்டா?" என்று கேட்டாள்.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் திரும்பிய இடம் அதுதான். சின்னம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் அங்கே இருந்தது. எங்கள் வீட்டைத் தெரியாத, தமிழ் பேசுவாரா என்றுகூடத் தெரியாத யாரோ ஒருவர், தன் நேரத்தைக் கொடுத்து டிஸ்கியைக் கொம்பு வரைக்கும் பார்த்துச் செய்து உள்ளே வைத்திருக்கிறார். அதைத் தேவையில்லை என்று யாரும் இன்றுவரை தூக்கியெறியவில்லை. தூரத்து ஆட்கள் ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். குறை பக்கத்து ஆள்தான். அந்த ஆளைக் கே.எல்.லிலிருந்து அனுப்பிவைக்க முடியாது, அந்தத் தாமானிலேயே உருவாக வேண்டும். கட்டளையைத் தட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தபோது இது எனக்குத் தெளிவாயிற்று.

தங்கச்சியின் நோட்டுப் புத்தகம்

அன்றிலிருந்து என் வேலையை மாற்றிக்கொண்டேன். கணினியைச் சரிசெய்து தருவதை விட்டேன், அவளைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் புரியாது என்று, கட்டளை தட்டும் முனையத்தை மறைத்துவைக்கவில்லை. சித்தப்பாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்றில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன, அதில் அவளுடைய சொந்தத் தமிழில் எழுதச் சொன்னேன். புதுப்பிப்பு எப்படிப் போடுவது. டைம்ஷிஃப்ட் என்ற செயலியில் மீட்புப் பிரதி எப்படி எடுப்பது, ஏதாவது குழம்பினால் முந்தைய நிலைக்கு எப்படிப் போவது. மூடியைத் திறப்பதற்கு முன் மின்கம்பியைப் பிடுங்கி, உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் உள்ளே கை வைப்பது. ராம் துண்டைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழிப்பானால் தேய்த்துத் திரும்ப மாட்டுவது. பழைய கணினி எழ மறுத்தால் இந்தக் கடைசி வேலை எத்தனையோ தடவை காப்பாற்றும்.

ஒருநாள் இடி மழையில் திடீரென்று மின்சாரம் போய் வந்த பிறகு கணினி மேசைத்திரைக்குப் போகவில்லை. கருப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல், அதோடு நின்றுவிட்டது. சின்னம்மா எனக்குப் போன் போட்டார். நான் ஒரு கூட்டத்தில் இருந்ததால் எடுக்கவில்லை. திரும்ப அழைத்தபோது தங்கச்சிதான் பேசினாள். கோப்பு முறைமை பாதியில் நின்றுபோயிருக்கிறது, சேமிப்பகத்தின் எந்தப் பகுதியைச் சோதிக்க வேண்டும் என்று திரையிலேயே எழுதியிருந்தது, சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கட்டளையை அந்தப் பெயரோடு கொடுத்தேன், நிறையக் கேள்வி கேட்டது, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன், வந்துவிட்டது என்றாள். அதை நோட்டில் எழுதிவிட்டாயா என்று கேட்டேன். எழுதிவிட்டதாகச் சொன்னாள். இடிக்கு முன் கணினியை முறையாக அணைக்க வேண்டும் என்பதையும் அம்மாவுக்காகத் தனியாக, பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாளாம்.

"ஆனா பழசுதானே நமக்கு எப்பவும்" என்று சின்னம்மா ஒருமுறை சொன்னார். அதற்கு என்னிடம் எதிர்வாதம் கிடையாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் புதிய கணினி கிடைக்க வேண்டும், அதற்காகக் கேட்பதையும் நிறுத்தக் கூடாது. கிடைக்கும்வரை மூலையில் இருப்பது ஓடட்டும், புதியது வருகிற நாளில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருக்கட்டும் என்பதுதான் என் ஆசை.

இப்போது பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் ஸ்டோர் அறையில் கழித்துப்போட்ட மேசைக்கணினிகள் சில கிடக்கின்றன. தலைமையாசிரியர் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார், தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எல்லாம் கோர் 2 டுவோ காலத்தவை, 64 பிட், டிடிஆர்2. ஒன்றில் மின்தேக்கிகள் உப்பியிருக்கின்றனவாம், அதை உதிரிப் பாகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றாள். ராம்தான் குறை. ஈப்போ, கோலகங்சார், சுங்கை சிப்புட் பக்கம் யாரிடமாவது இரண்டு ஜிபி டிடிஆர்2 துண்டுகள் மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தால் வீசிவிடாதீர்கள், எனக்கு எழுதுங்கள். மடிக்கணினிக்கானது வேண்டாம், அது நீளம் குறைவு, இதில் பொருந்தாது. மேசைக்கணினியிலிருந்து கழற்றிய நீளமான துண்டுகளாக இருக்க வேண்டும். நான் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வழியில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.